ஐம்பது வெள்ளி நோட்டில் இரண்டு வாத்தியார்கள்

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? கார்டு, ஃபோன் என்று போய்விட்ட காலத்தில் நோட்டைக் கையில் பிடிப்பதே அபூர்வம்தான். அடுத்த தீபாவளி அங்பாவில் ஒன்று வந்தால் உடனே பர்சில் வைக்காமல் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் யூசோஃப் இஷாக். பின்பக்கம் வயலின், பிப்பா, கொம்பாங், வீணை என்று நான்கு வாத்தியங்கள். வீணையைப் பார்த்ததும் நம்மாட்களுக்குத் திருப்தி வந்துவிடும். எனக்கும் பல வருஷம் அதுவே போதுமாக இருந்தது.

வாத்தியங்களோடு இரண்டு ஓவியங்களும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது. பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். இன்னொன்று சென் வென் ஷி வரைந்தது. கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். 1999இல் இந்த நோட்டு வந்தபோது கலைக்கான பக்கத்தில் இடம்பிடித்த இந்த இருவரும் பல ஆண்டுகள் ஓவிய வாத்தியார்களாக இருந்தவர்கள்.

நேஷனல் கேலரிக்குப் போனால் ஓவியர்களின் பெயருக்குக் கீழே இந்தத் தகவல் ஒரு வரியில் கிடைக்கும். இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை இங்கே கற்பித்தார் என்று. நாம் அதை வயிற்றுப்பாட்டுக் கணக்காகப் படித்துவிட்டு ஓவியத்துக்குப் போய்விடுகிறோம். பாவம், மனிதர் வாடகை கட்டவேண்டும், பிழைப்புக்கு வாத்தியார் வேலை பார்த்திருக்கிறார் என்று நமக்குள்ளேயே ஒரு கதை கட்டிக்கொள்கிறோம். அந்த ஒரு வரியை ஓவியத்துக்குள் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் வாதம். பள்ளியின் கலைத்துறை இவர்களுக்குச் சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. கையின் பழக்கத்தையே மாற்றியிருக்கிறது. சில இடங்களில் கெடுத்தும் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் ஓவியன் இல்லை, எஞ்சினியர். ஆனால் ஏழு மாதம் ஒரு கலைத்துறையில் வேலை பார்த்திருக்கிறேன்.

தேசிய சேவை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரிலீஃப் வேலைக்கு விண்ணப்பித்தேன். கணிதம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஓவிய டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். உயர்நிலை நான்குவரை ஓவியம் எடுத்தவன் என்று என் விண்ணப்பத்தில் இருந்தது. அவ்வளவுதான், ஆர்ட் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் களிமண்ணுக்கு ஈரத்துணி போர்த்துவேன். லினோ வெட்டும் கத்திகளை வகுப்புக்கு முன்னும் பின்னும் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் யாரும் ரீசஸுக்குப் போகமுடியாது. மதியத்துக்குள் பிரஷ் கழுவும் தொட்டி அடைத்துக்கொள்ளும். அதையும் நான்தான் குத்தி எடுக்கவேண்டும்.

உயர்நிலை ஒன்றில் ஐந்து வகுப்புகள் இருந்தன. ஒரே பாடத்தை ஒரு வாரத்தில் ஐந்து தடவை எடுக்கவேண்டும். அந்த வாரம் உருளைக்கு நிழல் தீட்டுவது. பலகையில் பெரிய தாளை ஒட்டி வரைந்துகாட்டினேன். நான்காவது வகுப்பில் முதல் வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். “சார், ஏன் சார் எப்பவும் வெளிச்சம் லெஃப்ட்லருந்தே வருது?”

முந்தைய மூன்று வகுப்பில் வரைந்த தாள்கள் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் சொன்னது சரி. அன்று இரவு வீட்டில் என் பழைய ஓவியக் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஆப்பிள், போத்தல், அம்மாவின் முகம், புளோக்குக்குக் கீழே நிற்கும் சைக்கிள் எல்லாவற்றிலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தே விழுந்திருந்தது. என் படிப்பு மேசையில் விளக்கு இடப்பக்கம் இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ‘என் பாணி’ என்று நான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு மேசைவிளக்கு நின்ற இடம்.

தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது. ஒரே காரியத்தை மற்றவர் முன்னால் திரும்பத் திரும்பச் செய்துகாட்டவேண்டிய கட்டாயத்தால் வந்தது. அந்த மூவரின் ஓவியங்களை, ஆம், மூன்றாவது ஒருவரும் இருக்கிறார், நான் பார்க்கும் விதத்தை மாற்றியது இந்த அனுபவம்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நன்யாங் நுண்கலைக் கழகம் 1938இல் கேலாங்கில் தொடங்கியது. தொடங்கியவர் லிம் ஹாக் தாய். ஜப்பானியர் காலத்தில் மூடப்பட்டு 1946இல் மறுபடி திறந்தது. சீனாவிலிருந்து வந்த ஓவியர்கள் அங்கே சேர்ந்தார்கள். மேற்கத்திய எண்ணெய் ஓவியமும் சீன மை ஓவியமும் ஒரே கூரைக்குக் கீழ் நடந்தன. 1955இல் லிம் ஹாக் தாய் இந்த மண்ணின் கலைக்கு ஆறு கொள்கைகளை எழுதி வைத்தார். பல இனங்களின் பண்பாடு கலக்கவேண்டும், கிழக்கும் மேற்கும் சந்திக்கவேண்டும், வெப்பமண்டல மணம் வேண்டும் என்று போகும் பட்டியல் அது. கலைக்குக் கல்விப் பணியும் சமூகப் பணியும் உண்டு என்பதும் அதில் இருக்கிறது.

கலை வரலாற்றில் இதை ஒரு பிரகடனமாகப் படிப்பார்கள். எனக்கு இது ஒரு பள்ளி முதல்வர் தன் துறைக்கு எழுதிய பாடத்திட்டமாகத்தான் தெரிகிறது. நன்யாங் பாணி என்று நாம் இன்று சொல்வதில் பாதி, ஓர் ஆசிரியர் குழு ஒரு பாடத்திட்டத்துக்குக் கொடுத்த விடைகள். இந்த ஓவியர்களை ஒரு குழுவாக முதலில் ஆழமாக ஆராய்ந்த கண்காட்சி 1979இல் கோலாலம்பூரில் நடந்தது. நடத்தியவர்கள் ரெட்சா பியதாசா, டி.கே. சபாபதி. அவர்கள் இருவரும்கூடக் கற்பிக்கும் தொழிலில் இருந்தவர்கள்தான்.

சியோங் சூ பியெங்குக்கு வருவோம். 1917இல் சியாமென் நகரில் பிறந்தவர். 1947 முதல் 1961 வரை நன்யாங்கில் கற்பித்தார். அவருடைய ‘வெப்பமண்டல வாழ்க்கை’ 1959இல் வரைந்தது, கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சீனத் தாளில் மையும் குவாஷ் வண்ணமும். ஒரு கம்பத்துக் காட்சி. தூண்களும் பலகைகளும் இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கைகால் நீண்ட மனிதர்கள் உட்கார்ந்தும் சாய்ந்தும் இருக்கிறார்கள். சீனச் சுருளோவியத்தைப் படிப்பதுபோல் கண் பக்கவாட்டில் போகிறது. அதே சமயம் கட்டங்கள் நவீன ஐரோப்பிய ஓவியத்தை ஞாபகப்படுத்துகின்றன.

இதை வரையும்போது அவர் பன்னிரண்டு ஆண்டு வாத்தியார். அந்த ஓவியத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். இது கோடு, இது இடைவெளி, இது சீனத்திலிருந்து வந்தது, இது பாரிஸிலிருந்து வந்தது என்று பலகைக்கு முன் நின்று விளக்கலாம். எஞ்சினியர் கண்ணுக்கு இது ஒரு பாகப்பிரிப்பு வரைபடம் மாதிரி. ஒவ்வொரு பாகமும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒருவர் மறுபடி பொருத்தியிருக்கிறார். மாணவர்களுக்காகத் தினமும் பிரித்துக்காட்டிய கைக்குத்தான் இந்தத் தெளிவு வரும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

1961இல் கழகத்தை விட்டுவிட்டு ஐரோப்பா போனார். 1963 வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்தவை அருவ ஓவியங்கள், பிறகு உலோகத்தில் செய்த புடைப்புகள். பலகையில் விளக்கமுடியாத படைப்புகள். பதினான்கு வருஷம் விளக்கிக்கொண்டே இருந்தவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்ததுபோல் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அப்புறம் அந்த நீண்ட கைப் பெண்கள் திரும்பி வருகிறார்கள். ஐம்பது வெள்ளி நோட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். பலருக்கு இது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். 1978 ஓவியம் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு. 1959இல் அந்த நீண்ட கை ஒரு கேள்விக்கு விடையாக வந்தது. 1978இல் அது அவருடைய கையெழுத்தாகிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்தால் கலைஞன் விடுதலையாகிவிடுவான் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வெளியே வந்ததும் ஒரு பாய்ச்சல் இருந்தது, உண்மை. ஆனால் முதல் வரிசைப் பையன் ஒருவன் இல்லாத இடத்தில் பழக்கம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

சென் வென் ஷியின் கதை வேறு. 1906இல் பிறந்தவர். சீன உயர்நிலைப் பள்ளியில் 1949 முதல் 1968 வரை, நன்யாங்கில் 1950 முதல் 1959 வரை. அதாவது ஓவியராக வேண்டும் என்று வந்தவர்களுக்கு மட்டும் இல்லாமல், கணிதம், சரித்திரத்துக்கு நடுவே ஓவியப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்த பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும். கழகத்து மாணவரைவிட அவர்களைச் சமாளிப்பது கஷ்டம். பிடிக்காவிட்டால் மூஞ்சியிலேயே காட்டிவிடுவார்கள்.

கிப்பன்கள் அவருக்கு வந்தது சோங் காலத்துத் துறவி ஓவியர் மூச்சியின் ஓர் ஓவியத்தின் அச்சுப்படி வழியாக. நேரில் ஒரு கிப்பனைக்கூடப் பார்க்காமல் அந்த அச்சைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர் கிப்பன்களுக்கு வால் இருந்தது. கிப்பனுக்கு வால் கிடையாது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அழகு. கிப்பனை வாங்கி வீட்டிலேயே வளர்த்தார். ஒன்று பலவானது. அது எப்படித் தொங்குகிறது, கை எப்படி வளைகிறது, முகம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். நோட்டில் இருக்கும் கிப்பன்களுக்குப் பின்னால் அந்தத் தோட்டம் இருக்கிறது.

வாலைச் சுட்டிக்காட்டியவர் மாணவர் இல்லை. அப்படிச் சொன்னால் என் வாதத்துக்கு வசதியாக இருக்கும், ஆனால் பொய். நான் கவனிப்பது அவர் அதை எடுத்துக்கொண்ட விதத்தை. ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒருவர், ‘கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு, என் கிப்பனுக்கு வால் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நம்மில் பலர் விமர்சனத்துக்கு அப்படித்தானே பதில் சொல்கிறோம்? 1952இல் அவரும் சியோங் சூ பியெங், லியு காங், சென் சோங் ஸ்வீ ஆகியோரும் பாலிக்குப் போன பயணம் பிரபலம். அங்கே சென் வென் ஷி ஒரு பெண்ணைப் பார்த்து வரைவதை லியு காங் 1954இல் ஓவியமாக்கினார், ‘ஓவியரும் மாடலும்’ என்று. நாற்பத்தைந்தை எட்டிய ஒரு வாத்தியார் தாளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்கிறார். திருத்தம் கேட்டு மூலத்துக்குப் போகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவே இல்லை. அதனால்தான் அவருடைய பிற்கால மை ஓவியங்களில் கிப்பன்கள் நூறாவது தடவை வந்தாலும் உயிரோடு இருக்கின்றன.

மூன்றாமவர் ஜார்ஜெட் சென். மற்ற இருவரைப்போல் பள்ளி வந்து அவருக்குப் பாணி கொடுக்கவில்லை. 1930இலேயே பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் இடம்பெற்றவர். போர், இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி 1951இல் பினாங்குக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் தங்கினார். 1954 முதல் 1980 வரை நன்யாங்கில் பகுதிநேரமாகக் கற்பித்தார். மலாய் கற்றுக்கொண்டார். செண்டானா என்று மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். சிற்பி இங் எங் டெங் அவரிடம் படித்தவர்.

அவர் ஓவியங்களில் ரம்புத்தான் கூடையில் இருக்கும். மூன்கேக் தட்டில் இருக்கும். சாத்தே விற்கும் பையன் இருப்பான். மேசைமேல் பொருள்களை அடுக்கி வரைவது எந்த ஓவியப் பள்ளியிலும் முதல் வருஷப் பயிற்சி. நானே அந்த ஏழு மாதத்தில் எத்தனை தடவை பிளாஸ்டிக் பழங்களை அடுக்கியிருப்பேன்! பாரிஸ் வரை போன ஒருவர் இருபத்தாறு ஆண்டு ஆரம்பப் பயிற்சியை விடாமல் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய ரம்புத்தானைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அந்த முடிகளில் எங்கே மாறுகின்றன என்று சொல்லமுடியாது. புதிதாக வந்து இறங்கிய ஊரைக் கற்றுக்கொள்ள அவருக்கு மேசையளவு இடம் போதுமாக இருந்திருக்கிறது. சியோங் சூ பியெங் பாடத்திட்டத்துக்கு விடை எழுதிவிட்டு வெளியேறினார். ஜார்ஜெட் சென் முதல் பாடத்திலேயே தங்கிவிட்டார், அதில் அடி தெரியும்வரை.

இதுவரை சொன்னது லாபக் கணக்கு. நட்டமும் இருக்கிறது. பாடத்திட்டத்திலிருந்து பாணி பிறந்தால் அது சீக்கிரம் வீட்டுப்பாடமாகிவிடும். ‘வெப்பமண்டல மணம்’ என்று எழுதிப் போட்டதும் கம்பம், தென்னை, படகு, பாலிப் பெண் என்று கித்தான்கள் நிறைந்தன. அதே 1950களில் இந்த ஊர்த் தெருக்களில் வேலைநிறுத்தம் நடந்தது, மாணவர் போராட்டம் நடந்தது. அவற்றை நன்யாங்கின் பெரிய பெயர்களிடம் தேடினால் அதிகம் கிடைக்காது. அதைச் செய்தவர்கள் 1956இல் தொடங்கிய பூமத்திய ரேகைக் கலைச் சங்கத்தைச் சேர்ந்த யதார்த்தவாதிகள். அவர்களில் சுவா மியா தீ நன்யாங்கில் படித்து அங்கேயே சில காலம் கற்பித்தவர். 1959இல் அவர் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ ஒரு வகுப்பறை. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள், நின்று மலாய் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், கரும்பலகையில் உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்று மலாயில் இரண்டு கேள்விகள். அதே துறையிலிருந்து வெளியே வந்த ஒருவர் வாத்தியார் கண்ணால் பார்க்காமல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை வரைந்தார். ஒரு துறை உருவாக்கும் பாதைகளில் அதை மறுத்துப் போகும் பாதையும் ஒன்று.

இப்போது நம் பக்கம் வருவோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழில் எழுதுகிறவர்களில் வாத்தியார்கள் நிறைய. இங்கே இராம. கண்ணபிரான், அங்கே ம. நவீன், கே. பாலமுருகன் என்று நல்ல பெயர்கள் பல. ஆனாலும் இலக்கியக் கூட்டங்களில் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம். கதையில் வாத்தியார்த்தனம் வந்துவிட்டது, கடைசிப் பத்தியில் பாடம் நடத்துகிறார்கள் என்று. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் குற்றச்சாட்டில் ஒரு திருத்தம் தேவை என்று படுகிறது. கோளாறு கற்பிப்பதில் இல்லை, நாம் எழுத்தைக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

ஓவிய வகுப்பில் வாத்தியார் வரைந்துகாட்டாமல் தப்பிக்கமுடியாது. கை நடுங்கினால் முப்பது பேர் பார்ப்பார்கள். தமிழ் வகுப்பில் நான் படித்த பத்து வருஷத்தில் ஓர் ஆசிரியர்கூட எங்கள் முன்னால் ஒரு பத்தி எழுதி, அடித்து, திருத்தி எழுதிக்காட்டியதில்லை. நல்ல வாக்கியங்களைப் பட்டியலாகக் கொடுத்தார்கள். நாங்கள் எழுதியதில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, தேர்வு அப்படி. ஆனால் இருபது வருஷம் வட்டம் மட்டும் போடுகிற கை கதை எழுத உட்கார்ந்தால் பாத்திரங்களுக்கும் வட்டம்தான் போடும். செய்துகாட்டுகிறவருக்குத் தன் தவறு தெரியவரும், மதிப்பெண் போடுகிறவருக்கு அடுத்தவர் தவறு மட்டும்தான். பள்ளிக்கூடம் படைப்பாளியை வளர்க்குமா கெடுக்குமா என்ற கேள்வியை இப்படிப் பிரித்துக் கேட்டால்தான் பயன் இருக்கும்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. மூன்று வருஷமாக வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு, பத்தொன்பது, இருபத்தாறு என்று இந்த மூவரின் ஆண்டுகளைத் தாளில் எழுதிப் பார்த்தேன், ஏதோ சூத்திரம் கிடைக்கும் என்பதுபோல். கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் பம்பு பார்க்கும் என் வேலை என் எழுத்தை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்பது மட்டும் புரிந்தது. முழுநேரம் வீட்டில் உட்கார்ந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அதனால் போன மாதம் ஒன்று செய்து பார்த்தேன். எழுத ஆசைப்படும் நான்கு தம்பி தங்கைகளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மடிக்கணினியை டிவியில் மாட்டி, அவர்கள் பார்க்க ஒரு கதையின் முதல் பத்தியை எழுதத் தொடங்கினேன். வியர்த்தது. உருளை வரைந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. ஐந்தாவது வரியில் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தங்கை மெல்லக் கேட்டாள். “அண்ணா, ஏன் உங்க கதையில எல்லாரும் எம்ஆர்டி ஏறினப்புறம்தான் யோசிக்க ஆரம்பிக்கிறாங்க?”

அந்த ஐந்து வரியையும் அவர்கள் முன்னாலேயே அழித்தேன். இப்போது அந்த மனிதர் பன்னிரண்டாவது மாடியில் லிஃப்டுக்காக நிற்கிறார். என்ன யோசிப்பார் என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறார்கள்.